இரண்டு சிறு பிள்ளைகளுடன் ஊட்டிப் பயணம்: எதை எந்தப் பையில் வைப்பது?

பெரம்பூர் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் மாதக் கடைசியில் குடும்பத்துடன் ஊட்டிக்குச் செல்லவிருக்கிறோம். நான், என் கணவர், மாமியார், நான்கு வயது மகள், பத்து மாத மகன் என மொத்தம் ஐந்து பேர். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டி வரை செல்வதாகத் திட்டம். இரண்டு ரயிலுக்கும் பெரியவர்கள் மூவருக்கு மட்டும் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். இரவு ரயிலில் ஸ்லீப்பர் பெட்டி. ஊட்டியில் தங்கப்போவது சமையலறை இல்லாத விடுதி அறை. எலக்ட்ரிக் கெட்டில் மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குழந்தைகளுடன் செல்லும்போது எடுத்துவைக்க வேண்டிய பொருள்களின் பட்டியலுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. அவற்றைப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்ததில் கட்டில் நிறைந்துவிட்டது. இன்னும் ஸ்வெட்டர்களைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. மூன்று பெரிய பெட்டிகள், ஒரு ஒயர் கூடை, தண்ணீர் கேன், தலையணை என்று சுமை வளர்வதைப் பார்த்து என் கணவர் இரண்டு பெட்டிக்கு மேல் தூக்க மாட்டேன் என்கிறார். கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சச் சிறிய இண்டக்‌ஷன் அடுப்பும் வேண்டும் என்கிறார் மாமியார். மகன் தாய்ப்பாலுடன் ராகிக் கூழ், பருப்பு சாதம், இட்லி சாப்பிடுகிறான். இரவில் ஒருவேளை மட்டும் பவுடர் பால். மகளுக்கு வளைவான சாலையில் வாந்தி வரும்.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது, எவற்றை ஒன்றாக வைக்க வேண்டும் என்று சிறு குழந்தைகளுடன் சென்றுவந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதுரைக்காரி:

வணக்கம் தோழி. எடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்லீப்பர் பெட்டியில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச்செல்ல ரயில்வே அனுமதிக்கிறது. உங்களுக்குத் தட்டுப்பாடு கைகளில்தான் வரும். நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொள்வீர்கள், மாமியார் பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்வார், மிச்சம் இருப்பவை உங்கள் கணவரின் இரண்டு கைகளும் அவருடைய முதுகும், உங்கள் ஒரு தோளும். இவற்றில் அடங்காத எதுவும் மேட்டுப்பாளையம் நடைமேடையில் உங்களை அழவைக்கும். அங்கே இரவு ரயிலிலிருந்து இறங்கி மலை ரயிலுக்கு மாற அதிக நேரம் கிடைக்காது. அந்த இடைவெளிக்குள் இரண்டு பிள்ளைகளையும் கழிப்பறைக்கு அழைத்துச்சென்று, முகம் கழுவி, ஏதாவது ஊட்டியாக வேண்டும். அவர் இரண்டு பெட்டி என்று சொன்னது கோபத்தில் சொன்னதாக இருந்தாலும் கணக்கு சரியானதே.

ஆளுக்கொரு பை என்று பிரிக்கும் வழக்கத்தை இந்தப் பயணத்துக்கு விட்டுவிடுங்கள். குழந்தையின் பை, மகளின் பை, மாமியாரின் பை என்று வைத்தால் நடு இரவில் ஒரு டயப்பருக்காக மூன்று பைகளையும் திறக்க நேரும். எந்தப் பொருள் எப்போது தேவைப்படும் என்பதை வைத்துப் பிரியுங்கள். ஊட்டி அறைக்குள் நுழையும்வரை திறக்கத் தேவையில்லாத அனைத்தும், அது யாருடையதாக இருந்தாலும், சக்கரம் வைத்த ஒரே பெரிய பெட்டிக்குள் போகட்டும். அதைப் பூட்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடலாம். இரவு ரயிலுக்கும் மலை ரயிலுக்கும் வேண்டியவை கணவர் முதுகில் மாட்டும் பையில் இருக்கட்டும். உங்கள் தோளில் தொங்கும் பையில் அடுத்த நான்கைந்து மணி நேரத்துக்குத் தேவையானவை மட்டும் இருந்தால் போதும். அதை மேட்டுப்பாளையத்தில் முதுகுப் பையிலிருந்து ஒருமுறை நிரப்பிக்கொள்ளுங்கள்.

தோள்பையை நான் அடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு முழு மாற்றுக்குத் தேவையான அனைத்தையும், அதாவது ஒரு டயப்பர், ஒரு பனியன், ஒரு கால்சட்டை, ஈரத்துணி நான்கைந்து, அழுக்கைச் சுருட்டப் பழைய செய்தித்தாள் ஒரு தாள், இவற்றை ஒரு சிறிய துணிப்பையில் வைத்துச் சுருக்கிக் கட்டிவிடுவேன். இப்படி மூன்று சுருக்குப்பைகள். ஓடும் ரயிலில் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையை விட்டால் ஒரு முடிச்சு வர வேண்டும். பொருள்களைத் தேடிச் சேர்க்கும் வேலை இருக்கக் கூடாது. மகளுக்கும் இதேபோல் ஒன்று. உங்களுக்கும் ஒரு மாற்று மேலாடை அதில் இருக்கட்டும். குழந்தை வாந்தி எடுத்தால் அது பெரும்பாலும் தூக்கிவைத்திருப்பவர் மேல்தான் விழும், ஆனால் எந்தப் பட்டியலிலும் அம்மாவுக்கு மாற்றுத்துணி இருப்பதில்லை.

பழைய நூல் புடவை ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பாக, போர்வையாக, பால் கொடுக்கும்போது மறைப்பாக, ஜன்னல் காற்றுக்குத் திரையாக அது ஒன்றே போதும். தூளியாகவும் கட்டலாம் என்று பலர் சொல்வார்கள். எதிரெதிர் மேல் படுக்கைகளின் கம்பிகளில் தூளி கட்டி ஆட்டுவதை நம் ரயில்களில் எப்போதும் பார்க்கலாம். ஆனால் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கும் பத்து மாதக் குழந்தைக்கு, அனைவரும் தூங்கும் ரயிலில் அது வேண்டாம் என்பது என் கருத்து. கீழ்ப் படுக்கையில் சுவர்ப் பக்கம் குழந்தையைப் படுக்கவைத்து, வெளிப்பக்கம் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டு தேவையில்லை, ஆனால் தனிப் படுக்கையும் கிடையாது. படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். நான்கு வயதுப் பெண் ஒரு படுக்கையைப் பாட்டியுடன் பகிர்ந்தால் இருவருக்கும் தூக்கம் போய்விடும் என்பதால், திரும்பி வரும் சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் அவளுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

குன்னூர்வாசி:

மேலே சகோதரி சொன்ன முறை சரியானது. மலைப் பகுதியைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் சமவெளியிலிருந்து வருபவர்கள் மலை ரயிலையும் இரவு ரயிலைப்போலவே நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான், ஆனால் மேலே ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டிகள் சிறியவை, எதிரெதிர் இருக்கைகளில் முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கம், பெரிய பெட்டிகளை வைக்க வசதியான இடமும் இல்லை. உங்கள் பெரிய பெட்டி நடுத்தர அளவுக்கு மேல் இருந்தால் அதைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டுதான் முழுப் பயணமும் போக வேண்டும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது என்பது இன்னும் முக்கியம். ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற நிலையங்களில் இன்ஜினுக்குத் தண்ணீர் நிரப்ப நிற்கும்போது இறங்கலாம், குன்னூரில் இன்ஜின் மாற்றும்போது சற்றுக் கூடுதலாக நிற்கும். நான்கு வயதுக் குழந்தையால் அதுவரை தாங்க முடியாமல் போகலாம் என்பதால், டயப்பரை விட்டுவிட்ட பிள்ளையாக இருந்தாலும் அந்த ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் ஒன்று போட்டுவிடுவதில் வெட்கம் ஏதுமில்லை. வழியில் 16 குகைகள் உள்ளன. குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், குகைக்குள் புகை உள்ளே வரும். வெள்ளை உடுப்பைத் தவிர்த்துவிட்டு, முகம் துடைக்க ஈரத் துண்டு ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பலமாக இருந்தால் மண்சரிவால் மலை ரயிலை ரத்து செய்வது வழக்கம், டிசம்பரிலும் அது நடக்கும். அப்படியானால் பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியில் ஏற வேண்டியிருக்கும். மகளுக்கான வாந்திப் பைகளையும் மாற்று உடையையும் அந்த வாய்ப்பையும் நினைத்து வையுங்கள். வாடகை வண்டி எடுத்தால் நீலகிரிக்குள் நுழைய அதற்கு இ-பாஸ் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் ஏறும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து பிளாஸ்டிக். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தடை உள்ளது. கடைகளில் விற்கும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களும் அதில் அடக்கம். சோதனைச் சாவடியில் பிடுங்கிவைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில்கள் இரண்டு எடுத்து வாருங்கள். சாலையோரம் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பைகளுக்குப் பதில் துணிப்பையும் செய்தித்தாளும் போதும். பயன்படுத்திய டயப்பரை ஜன்னல் வழியாகச் சோலைக்குள் எறிபவர்களை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம், தயவுசெய்து அதைச் சுருட்டி வைத்திருந்து அறையின் குப்பைக்கூடையில் போடுங்கள். இரவு ரயிலின் கழிப்பறையிலும் போடக் கூடாது. இப்போது இருப்பவை பயோ டாய்லெட்கள், ஒரு டயப்பர் போதும் அடைத்துக்கொள்ள.

குளிரைப் பற்றி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரியில் பகலில் வெயில் இதமாகவும் சுள்ளென்றும் இருக்கும், பொழுது சாய்ந்ததும் வெப்பநிலை சட்டென்று இறங்கிவிடும், சில விடியல்களில் புல்வெளியில் உறைபனி படியும். இதற்குத் தடிமனான ஒரே ஸ்வெட்டர் உதவாது. உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர் என்று அடுக்கினால் நண்பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். கம்பளி நேரடியாகத் தோலில் பட்டால் கைக்குழந்தை அரிப்பில் சிணுங்கும். காலுறையைத்தான் நிறைய எடுக்க வேண்டும், ஏனெனில் அது முதலில் நனையும், கடைசியில் உலரும். உலர்வது என்றதும் இன்னொன்று: சென்னையில் இரண்டு மணி நேரத்தில் காய்வது இங்கே மறுநாளும் ஈரமாகவே இருக்கும். துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் துணி டயப்பர்களை மட்டும் நம்பி வராதீர்கள்.

கோவை செவிலியர்:

குழந்தைகள் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில் மருந்துப் பையையும் உணவையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காய்ச்சல் மருந்தை அவசரத்தில் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று விடாமல், உங்கள் குழந்தை மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த பாட்டிலையே எடுத்துச்செல்லுங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது சொட்டு மருந்தாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பாக ஐந்து மில்லியில் 120 அல்லது 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு அடர்த்தியில் விற்கப்படுகிறது. வீட்டில் சிரப்பில் கொடுத்துப் பழகிய அளவை, புதிதாக வாங்கிய சொட்டு மருந்தில் அப்படியே கொடுத்தால் அது பல மடங்காகிவிடும். உங்களுக்கு இரண்டு குழந்தைகள், இரண்டு எடைகள். ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டி, யாருக்கு, எத்தனை மில்லி, எத்தனை மணி நேர இடைவெளி என்று தமிழில் எழுதிவிடுங்கள். நள்ளிரவில் அதை எடுத்துக் கொடுப்பவர் மாமியாராகவும் இருக்கலாம். அளவுக் குழாயையும் பாட்டிலுடன் ரப்பர் பேண்டால் கட்டிவையுங்கள்.

ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கும்போது அது 200 மில்லி தண்ணீருக்கானதா, ஒரு லிட்டருக்கானதா என்று பாருங்கள். பயணத்துக்குச் சிறிய பாக்கெட்டுகளே ஏற்றவை. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவை தவிர வெப்பமானி, மூக்கடைப்புக்குச் சலைன் சொட்டு, டயப்பர் புண்ணுக்கான களிம்பு, தேங்காய் எண்ணெய் போதும். இருமலுக்குத் தேன் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மகளுக்குச் சரி. ஒரு வயது நிறையாத மகனுக்குக் கூடாது.

வாந்தியைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிதாகவே வரும், எனவே உங்கள் கவனம் மகளிடம் இருந்தால் போதும். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். கைப்பேசியையும் படப்புத்தகத்தையும் வளைவுகளில் கொடுக்காதீர்கள், தொலைவில் உள்ள மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொல்வதில் பக்கவிளைவு ஏதுமில்லை. மாத்திரை அல்லது சிரப் வேண்டும் என்றால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம். ரயிலில் அதையோ கெட்டிலையோ சொருகுவதற்கு அனுமதி இல்லை, அந்தப் பிளக் கைப்பேசிக்கு மட்டும்தான். விடுதியும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் உங்கள் மாமியாரின் கவலையில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் ராகி மாவை வெந்நீரில் கலக்கிக் கொடுத்துவிட முடியாது, அது அடுப்பில் வேக வேண்டும். அதற்குப் பதிலாக அவலை வெறும் வாணலியில் வறுத்து, பொட்டுக்கடலையும் சிறிது சேர்த்து நைசாகப் பொடித்துச் சலித்து எடுத்துச்செல்லுங்கள். இரண்டும் முன்பே வெந்து பதமானவை என்பதால் பிளாஸ்க்கில் உள்ள சூடான நீரில் குழைத்தாலே கஞ்சிப் பதத்துக்கு வந்துவிடும். பொட்டுக்கடலை அவனுக்குப் புதிது என்றால் வீட்டிலேயே இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். மசித்த வாழைப்பழமும் இட்லியும் எங்கும் கிடைப்பவை.

பவுடர் பாலை முன்கூட்டிக் கலந்து பாட்டிலில் எடுத்துச்செல்லாதீர்கள். கலந்த பால் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஒரு வேளைக்கான பவுடரை அளந்து ஈரமில்லாத சிறு டப்பாவில் வைத்து, கொதித்த நீரைப் பிளாஸ்க்கில் தனியாக வைத்துக்கொண்டு, குடிக்கும் நேரத்தில் கலந்து, ஆறவைத்துக் கொடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; பவுடர் கலக்க 70 டிகிரிக்குக் குறையாத நீர் போதும் என்பதால் அதில் குறை ஒன்றுமில்லை.

கடைசியாக, அறையில் குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ கணப்பையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே வாங்கிவிடும். கைக்குழந்தைக்குக் குல்லா வெளியே செல்லும்போது மட்டும். தூங்கும்போது முகத்துக்கு நழுவிவரும் குல்லாவும் கனமான விடுதிக் கம்பளியும் வேண்டாம். கூடுதலாக ஓர் அடுக்கு உடை போட்டுவிட்டால் போதும்.

தாம்பரம் அப்பா:

எல்லோரும் நல்ல யோசனைகளைச் சொல்லியிருக்கிறீர்கள், இருந்தாலும் படித்து முடித்ததும் பெட்டி இன்னும் பெருத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊட்டி ஒன்றும் ஆளில்லாக் காடு அல்ல. சேரிங் கிராஸிலும் கமர்ஷியல் ரோட்டிலும் டயப்பர், ஈரத்துணி, பிஸ்கட், சோப்பு எல்லாம் கிடைக்கின்றன. தாவரவியல் பூங்காவுக்கு அருகில் திபெத்தியர்களின் கம்பளிக் கடைகள் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை அணியும் ஸ்வெட்டரை, வளரும் பிள்ளைக்குச் சென்னையிலேயே விலை கொடுத்து வாங்கிச் சுமந்து செல்வதை விட, போகும் வழிக்கு ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அங்கே வாங்கலாம். டயப்பர் முதல் இரண்டு நாளைக்கு மட்டும் எடுங்கள். விளையாட்டுச் சாமான் பையை அப்படியே வீட்டில் விட்டுவிடுங்கள். ரயிலில் பிள்ளைகளுக்கு ஜன்னலும், மூடி திறந்து மூட ஒரு காலி எவர்சில்வர் டப்பாவும் கிடைத்தால் அதற்குமேல் எதையும் தேட மாட்டார்கள். தலையணை வேண்டாம், ஸ்வெட்டரைத் துண்டில் சுற்றினால் தலையணை. துண்டும் விடுதியில் தருவார்கள்.

மதுரைக்காரி:

தாம்பரம் அண்ணன் சொன்னதில் டயப்பரையும் ஸ்வெட்டரையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தையின் பவுடர் பாலும் மருந்தும் திரும்பி வரும்வரைக்குமானவை முழுமையாக உங்கள் கையில் இருக்கட்டும். அதே வகை அங்கே இல்லாவிட்டால் வேறொன்றைக் கொடுத்துப் பார்க்கும் இடம் பயணம் அல்ல. மகள் எந்தப் போர்வையை அல்லது பொம்மையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாளோ, அது எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அதையும் விட்டுவிடக் கூடாது, அது கடையில் கிடைக்காது. அதைப் பெரிய பெட்டியில் அல்ல, தோள்பையில் வையுங்கள்.

பெரம்பூர் அம்மா:

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை கட்டிலில் இருந்ததையெல்லாம், ஊட்டியில் திறப்பது, ரயிலில் திறப்பது என்று இரண்டு குவியலாகப் பிரித்தோம்; எந்தக் குவியலிலும் சேராமல் நின்ற பொருள்கள்தான் ஒரு பெட்டி அளவுக்கு இருந்தன, அவை பரணுக்குத் திரும்பிவிட்டன. இப்போது சக்கரப் பெட்டி ஒன்று, முதுகுப் பை ஒன்று, என் தோள்பை, மாமியார் விடாத ஒயர் கூடை. கூடையில் இரவுக்கான இட்லியும் தயிர்சாதமும் இருப்பதால் மேட்டுப்பாளையம் வருவதற்குள் அது காலியாகி மடிந்துவிடும் என்பது அவர் வாதம், என் கணவரும் ஒத்துக்கொண்டார். அடுப்பை விட்டுவர மாமியார் சம்மதித்தது, அவல் பொடியைத் தாமே வறுத்து அரைக்கிறேன் என்ற நிபந்தனையின் பேரில்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஷாம்பு, எண்ணெய் பாட்டில்கள் மலையில் கசியும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

குன்னூர்வாசி:

உண்மைதான் சகோதரி. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், கீழே இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை மூடி வழியாகத் தள்ளும். சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பிப் பந்தாக நிற்பதும் அதனால்தான். எண்ணெய், சிரப் பாட்டில்களைத் துணியில் சுற்றி நிமிர்த்தி வைத்து, குன்னூரில் ரயில் நிற்கும்போது ஒருமுறை மூடிகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்கிவிடுங்கள். பால் பாட்டிலையும் மூடியை மெதுவாகத் தளர்த்திவிட்டுப் பிறகு திறங்கள். இல்லாவிட்டால் முகத்தில் பீய்ச்சும்.